தலைமை எழுத்தர் லோகேஸ்வரி அம்மையார் சாட்சிக் கூண்டேறிய நாள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பத்தோராண்டு பிழையற்ற பத்திரங்களைப் படைத்தளித்த பெருந்தகையே! கையொப்பமில்லாக் காகிதத்தைக் கண்ணாலேயே எரிக்கும் கண்டிப்பின் கனலே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தலைமை எழுத்தர் லோகேஸ்வரி அம்மையாரே! வணங்குகிறோம்.

அஞ்சா நெஞ்சர் என்று எழுதத்தான் இம்மடலைத் தொடங்கினோம். பொய் எழுத மனம் வரவில்லை. அம்மையார் பயந்தவர். அதை அவர் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறோம், கோபித்தால் கோபிக்கட்டும்!

சென்ற ஆண்டு கிள்ளானில் இவரது அடுத்த வீட்டுப் பாடகி ஷாமினியைக் கச்சேரிக்குப் பேச, ஏற்பாட்டாளர் ராதாகிருஷ்ணன் முன்பணம் வைத்த வெற்றிலைத் தட்டோடு வந்தார். சட்டம் தெரிந்த அக்கா பக்கத்தில் இருக்கட்டும் என்று ஷாமினி இவரை அழைத்துக்கொண்டாள். ஒரே ஒரு கச்சேரி என்று பேசி முடிந்தது.

"அக்கா, எழுதி வாங்கிக்கலாமா?" என்று ஷாமினி காதோடு கேட்டாள்.

"சும்மா இரு லா! தட்டு கைக்கு வந்தாச்சு. இப்பப் போயி பேப்பர் கேட்டா மனுஷன் என்ன நினைப்பாரு?" என்று அடக்கியவர் வேறு யாருமல்லர், ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் தட்டச்சு செய்யும் நம் அம்மையார்தான்! ஐயோ, அந்தப் பாழாய்ப்போன மரியாதை!

கச்சேரி முடிந்தது. பிறகு ஷாமினி செராஸ் மேடையொன்றில் பாடினாள். உடனே ராதாகிருஷ்ணன் வழக்குப் போட்டார். மூன்றாண்டு தம் மேடையில் மட்டுமே பாட அவள் வாய்மொழியாக ஒப்புக்கொண்டாளாம்; வேறெங்கும் பாடத் தடை வேண்டுமாம்! பாட்டை விட்டால் வேறு பிழைப்பில்லாத பெண் அவள். அவளுக்கிருந்த ஒரே சாட்சி அம்மையார்.

ஒருநாள் ராதாகிருஷ்ணன் தரப்பிலிருந்து அலுவலகத் தொலைபேசியிலேயே மிரட்டல் வந்தது. "அக்கா, ரிட்டையர் ஆகப் போறீங்க. கோர்ட்டுக்கு வந்தா உங்க பேரு நாறிடும், பார்த்துக்குங்க."

அன்று முதல் மணியடித்தாலே அம்மையார் துள்ளி விழுந்தார். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே மூடி வைத்தார். எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்லிக் கூண்டேற்றியவர், தமக்குச் சம்மன் வந்ததும் கோப்பறையில் கதவடைத்து அழுதார்.

சென்ற மாதம் கூண்டேறினார். "எழுத வேண்டாம் என்று தடுத்தது யார்?" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். அம்மையார் பின்வரிசையில் இருந்த எங்கள் முதலாளியை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான். என்னோட தப்பு. ஆனா பேசினது ஒரே ஒரு ஷோ."

தீர்ப்பு வரும் திங்கட்கிழமை. அதுவரை ஷாமினி வேறு மேடையில் பாடக் கூடாதென்பது இடைக்கால ஆணை. அதனால்தான் அவள் மூன்றாம் வரிசையில் வாய்மூடி இருக்க, இன்று கடவுள் வாழ்த்தை நாங்கள் பாட நேர்ந்தது, சபையோர் பொறுத்தருள்க. தீர்ப்பு எப்படி வருமோ என்ற பயம் அம்மையாருக்கு இன்னும் தீரவில்லை. எங்களுக்கும்தான்.

அம்மையாரே! நோயணுகா உடலும், நடுங்காத நாள்களும், திடுக்கிடாத உறக்கமும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும்! திங்களன்று தாங்கள் தனியே ரயிலேற வேண்டாம்.

இவண்,
விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று காலை ஏழு மணிக்குக் கிள்ளான் நிலையத்தில் காத்திருக்கப்போகும்
அலுவலக ஊழியர்கள் பதினொருவர்