வளைவு பிடிக்க மூன்று வருஷம்

இப்போதெல்லாம் யாருக்கும் ஒரு செடியைச் சும்மா பார்த்துவிட்டுப் போகத் தெரியவில்லை. நுனியைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்து, கீழே போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். போன வாரம் வந்தபோது நீங்களும் கிள்ளினீர்கள், சாமி. குருவானவர் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நுனி திரும்ப வர ஆறு மாதம் ஆகும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனக் கூண்டில் சொல்ல மாட்டேன். வாயால் சொன்னதை ஆளுக்கு ஒரு விதமாகத் திரிப்பார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

மரத்தை முதலில் சொல்கிறேன். என் அண்ணன் சவரிராயன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக சைகோனில் இருந்தவன். 1955இல் பென்ஷனோடு திரும்பியபோது கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது அது. முழ உயரம், தட்டைச் சட்டி. ஜூனிப்பர் என்று விவசாய ஆபீசர் சொன்னார். எனக்கு சைகோன் மரம். அண்ணனுக்கு அதை வைத்திருக்கத் தெரியும், வளர்க்கத் தெரியாது. விளக்குமாறு மாதிரி ஆக்கிவிட்டு 1964இல் செத்துப்போனான். பெண்டாட்டி அவனுக்கு முன்பே போய்விட்டாள். நொத்தேரிடம் உயில் எழுதிவைத்திருந்தான்: மகள் லூசிக்குக் கல்யாணம் ஆகும் நாளில் மரம் அவளோடு போக வேண்டும், அதுவரை இரண்டையும் தம்பி சூசைநாதன் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். இரண்டையும் பார்த்துக்கொண்டேன்.

முதல் வருஷம் பாதிக் கிளைகளை எடுத்தேன். இது வேப்ப மரம் மாதிரி இல்லை. ஒரு கிளையில் பச்சையே இல்லாமல் வழித்துவிட்டால் அது திரும்பத் துளிர்க்காது. எதை விடுவது என்று தெரிந்துகொண்டுதான் கத்தியை எடுக்க வேண்டும். அடுத்த மார்கழியில் சட்டி மாற்றினேன். ஆற்று மணல், உடைத்த செங்கல், கொஞ்சம் கரித்துண்டு. 1967இல் அடிமரத்தை வளைத்தேன். ஈர வாழைநாரை இறுக்கிச் சுற்றி, வில்லியனூர் மோட்டார் கடையில் கிடைத்த பழைய செப்புக் கம்பியை அதன் மேல் சுற்றி, நாளுக்கு நூலளவு. ஒரு பக்கம் பட்டையை உரித்து, சுண்ணாம்பும் கந்தகமும் காய்ச்சிப் பூசினேன். அப்படி வளைத்த மரத்துக்கு வளைவு பிடிக்க மூன்று வருஷம் வேண்டும். நடுவில் வேறு கை பட்டால் எல்லாம் வீண்.

அடுத்த வருஷமே லூசிக்கு வரன் வந்துவிட்டது. ஏரிக்கு அந்தப் பக்கத்து அருள்சாமி, மில்லில் வேலை. தாய் அல்போன்சா. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் புருஷன் செத்துப்போனான். குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. நிச்சயத்துக்கு வந்தவன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இன்னா மாமா, கொழந்தைக்குக் கை ஒடிஞ்சி மாவுக்கட்டு போட்டிருக்கீங்களா?"

லூசி சிரித்தாள்.

"நம்ம வூட்டுக் கெணத்தாண்ட தரையில நட்டுட்டா ரெண்டு வருசத்துல மாடு கட்டலாம். பாவம், எவ்ளோ நாளைக்கு சட்டியிலயே குந்தினு கெடக்கும்?"

அவன் போன பிறகு லூசியிடம் கேட்டேன். கல்யாணத்தைச் செய்துகொள், மரத்தை மட்டும் மூன்று வருஷம் என்னிடம் விடு என்றேன்.

"அதெல்லாம் முடியாது சித்தப்பா. எங்கப்பா எனக்குன்னு வெச்சிட்டுப் போனது. நீ வேணும்னா வந்து பாத்துட்டுப் போயேன். மூணு பர்லாங்குதானே?"

"தரையில நடுவானாமே."

"நட்டா நடட்டும். அதுவும் ஒரு மரந்தானே."

நான் நியாயமாகக் கேட்டேன், அவள் மறுத்தாள். இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை படிப்பதும், கல்யாணத்துக்கு ஏதாவது விக்கினம் தெரிந்தவன் வந்து சொல்லக் கடமைப்பட்டவன் என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஓலை படித்தார்கள். இரண்டாம் ஓலையும் படித்தார்கள். அந்தப் புதன்கிழமை நான் சாமியார் வீட்டுக்குப் போனேன். அப்போதிருந்த சாமி தெற்கத்திக்காரர், வந்து ஆறு மாதம்தான். அருள்சாமி என் அண்ணனுக்குப் பிறந்தவன், லூசிக்கும் அவனுக்கும் ஒரே தகப்பன் என்றேன். சுவிசேஷத்தின் மேல் கை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு ஓலை படிக்கவில்லை. சாமி காரணத்தை வெளியே விடவில்லை. கோயில் உபதேசியார் கேட்டார், நான் அவர் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். ஊர் முழுக்கப் பரவ அது போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அல்போன்சா வந்தாள். நான் கம்பியைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். பார்க்காமல் விட்டால் பட்டைக்குள் பதிந்து தழும்பு விழும்.

"அண்ணே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இவன் பொறந்தது நாப்பத்தி நாலு. சண்டைக் காலம். உங்கண்ணன் சைகோன்ல மாட்டிக்கினாரு, கப்பலே வர்ல. ஒம்பது வருசம் அவரு ஊரு பக்கமே வர்லியே. எப்புடிண்ணே?"

"சாமிகிட்ட போய்ச் சொல்லு."

"சொன்னேன். நீ சத்தியம் பண்ணியிருக்கேன்றாரு."

"அப்ப நான் இன்னா பண்ண முடியும்?"

போகாமல் நின்றாள். "லூசிகிட்டயாவது சொல்லுண்ணே. என்னப் பாத்தா அந்தப் பொண்ணு மூஞ்சத் திருப்பிக்கிது."

நான் இடுக்கியை எடுத்துக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போனேன்.

தேதி கணக்குச் சொல்லிக்கொண்டு வருகிற கைம்பெண்ணை ஊர் இன்னும் அதிகமாகத்தான் சந்தேகப்படும். அது அவளுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை அவளை அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தானாக விழுந்தவள் என்று கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். அப்படிப்பட்ட கிணற்றின் பக்கத்தில்தான் அவன் என் மரத்தை நடப் பார்த்தான்.

அருள்சாமி ஊரைவிட்டுப் போய், வேறிடத்தில் பெண் கட்டிக்கொண்டான். லூசி என்னோடு இருக்கிறாள். காலையும் மாலையும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். பேச்சு குறைந்துவிட்டது. கண்ட ஆள் வந்து போகாத வீட்டில் மரம் நன்றாக வருகிறது. அதன் அடி இப்போது எப்படி வளைந்து நிற்கிறது என்று நீங்களே பார்த்தீர்கள். வாய் திறந்து நின்றீர்கள்.

தாயின் எலும்பைச் சுவருக்கு உள்ளே கொண்டுவர வேண்டும் என்று அருள்சாமி இப்போது மனு கொடுத்திருக்கிறான். அன்று நான் சொன்னது மெய்யா என்று கேட்டீர்கள். பொய். அண்ணன் முப்பத்தெட்டில் கப்பல் ஏறினான், நாற்பத்தேழில்தான் முதல் லீவில் வந்தான். அல்போன்சாவோடு அவன் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. இந்தப் பங்கில் சொல்தா வீடு ஏழெட்டு இருந்தது. சண்டைக் காலத்தில் அந்த வீடுகளுக்கு ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. ஒருவராவது விரல்விட்டு எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை. மற்றவர்களைப் பற்றிக் கெட்டது கேட்டால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, அதை நம்பித்தான் நான் போனேன். இதை இப்போது எழுதிக் கொடுப்பதில் எனக்கு நஷ்டம் இல்லை. லூசிக்கு முப்பத்திரண்டு வயசு. இனி யாரும் பெண் கேட்டு வர மாட்டார்கள்.

அவளைப் புதைத்த இடத்தில் போய் நின்றால் மனம் இளகும் என்றீர்கள். நேற்றுக் காலை போனேன். எருக்கு மண்டிக்கிடக்கிறது, மரச்சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நின்று பார்த்தேன். ஒன்றும் இளகவில்லை. நான் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. கேட்டது மூன்று வருஷம். பொறுத்திருந்தால் நானே சட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டதே என்பீர்கள். கீழ்க்கிளை ஒன்று இன்னும் படியவில்லை, அது படியட்டும் என்றுதான் பார்க்கிறேன். அங்கே நிற்கும்போதே வெயில் ஏறிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து வந்துவிட்டேன்.