மூக்குத் தேயாத மீன்கள்

அண்ணன்: ...மீனெல்லாம் உயிரோடதான் இருக்குன்னு சொல்றேன்ல! கூண்டத் தூக்கிப் பாத்தாத்தான் நம்புவியா?

தங்கை: தூக்கிப் பாத்துட்டுத்தான் வரேன். கொழுகொழுன்னு இருக்கு, புது மாப்பிள்ளைங்க மாதிரி.

அண்ணன்: பின்னே? என் வளர்ப்புன்னா சும்மாவா!

தங்கை: இதுங்க எப்பலேருந்து கூண்டுல இருக்கு?

அண்ணன்: இதென்ன கேள்வி... தண்ணி கெட்டுப்போகுதான்னு பாக்க ஆத்துச் சங்கம் கூண்டு குடுத்ததுலேருந்து. ஆத்து வளைவுக்கு ஒண்ணு. மேல எனக்கு, நடுவுல உனக்கு, கீழ படகுக்காரருக்கு. நீயும்தானே கூட்டத்துல கை தூக்கின?

தங்கை: தூக்கினேன். மீன் செத்தா உடனே கீழ இருக்கறவங்களுக்குச் சொல்லணும், யாரும் ஆத்துத் தண்ணிய எடுக்கக் கூடாதுன்னாங்களே... அதுக்கும் சேத்துத்தான் தூக்கினேன்.

அண்ணன்: சாகல, சொல்லல. விடேன்...

தங்கை: கூண்டு மீன் வலையில முட்டி முட்டி மூக்கு தேஞ்சு கெடக்கும்ணே. இதுங்களுக்கு வழுவழுன்னு இருக்கு. நேத்து ஏரியில பிடிச்சதா?

அண்ணன்: மெதுவாப் பேசு. சாயப்பட்டறையில ஆளுங்க இருக்காங்க.

தங்கை: சாயத்தொட்டி மறுபடியும் விரிசல் விட்டுடுச்சா?

அண்ணன்: அடியில. கசியுது. சொன்னா சங்கமே வந்து பூட்டிடும். உன் அண்ணி, துணி காயப்போடற பொம்பளைங்க, ஏன்... உன் வீட்டுக்காரரும் இங்கதானே வேலை பாக்கறார்? சிமெண்ட் பூசியிருக்கேன். அது காயற வரைக்கும்...

தங்கை: அது வரைக்கும் ஆறு நின்னு பொறுமையா காத்துக்கிட்டிருக்குமா?

அண்ணன்: குத்திக் காட்டாத. எனக்குந்தான் தூக்கமில்ல. கீழ இன்னும் ரெண்டு கூண்டு இருக்கேன்னு நெனச்சேன். நெசமாவே விஷம்னா உன் மீன் சாகும், நீ சொல்லிடுவ. நீ வாயே தெறக்கல. சரி, ஆறு சாயத்தக் கரைச்சு விட்டுடுச்சு போலன்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஏய், எதுக்கு அழற? இரு, இப்பவே படகுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன்.

தங்கை: எடுக்க மாட்டார். புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கார். வாந்தி நிக்கல... கண்ணு சொருகிப் போச்சு.

அண்ணன்: அய்யோ... அவர் கூண்டுல மீன் சாகலையா?

தங்கை: அவர் கூண்டு போன வெள்ளத்துலயே அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. தெனம் காலையில என் கூண்ட எட்டிப் பாப்பார். "உன் மீன் நீந்துதும்மா, எனக்கு அது போதும்"னு சிரிச்சுக்கிட்டே போய்க் குடத்துல தண்ணி மொள்ளுவார்.

அண்ணன்: அப்போ உன் மீனுக்கு ஒண்ணும் ஆகலதானே? சொல்லு... உன் மீன் நல்லாத்தானே இருந்துச்சு?

தங்கை: புதுசா பிடிச்சுப் போட்ட மீனுக்கு மூக்கு வழுவழுன்னு இருக்கும்னு எனக்கு வேற எப்படிண்ணே தெரியும்?