வலமிருந்து இடமாக

கொம்பியூட்டரின் ஹாட் டிஸ்க்கை மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, சேர். பொறுமைதான் வேண்டும். சாய்ந்தமருதில் என்னைத் தவிர இன்னும் நாலு பேர் இந்தக் கடை வைத்திருக்கிறார்கள். எதைக் கொண்டுபோனாலும் அவர்களுக்கு ஒரே வைத்தியம்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருவார்கள். நான் அப்படியல்ல. பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் பிரதியெடுத்து மாட்டிவிடுவேன். டிஸ்க் மாறியது கொம்பியூட்டருக்கே தெரியாது. திறந்தால் பாதியில் விட்ட கடிதம் பாதியில் நிற்கும். இஹ்ஸானிடம் கொடுத்தால் ஒன்றும் தொலையாது என்று ஊரில் சொல்வார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் உங்களுக்குத் தேவைப்படும்.

இந்த வேலையில் பிழை விட ஓர் இடம்தான் உண்டு. திரையில் இரண்டு பெட்டிகள் வரும். இடப்பக்கம் நிறைந்த டிஸ்க், வலப்பக்கம் வெற்று டிஸ்க், நடுவில் ஓர் அம்புக்குறி. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால், வெற்று டிஸ்க் நிறைந்ததன்மேல் பிரதியாகிவிடும். இருந்ததெல்லாம் போய்விடும்.

அபுல் ஹஸன் காக்காவின் டிஸ்க்குக்கு நடந்தது அதுதான். அவருடைய ஹாட்வெயார் கடையின் வாசல் கெமரா பதிந்ததெல்லாம் அதில் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்குப் போகச் சைக்கிளில் ஏறியவரை ஒரு வாகனம் அடித்துவிட்டுப் போனது. ஜும்ஆ நேரத்தில் எங்கள் தெருக்களில் ஓர் ஆண்பிள்ளையைக் காண முடியாது. தொழுகை முடிந்து வந்தவர்கள் கண்டபோது உயிர் இல்லை. பொலிஸிலிருந்து நீங்கள் வந்து கெமராப் பதிவைக் கேட்டீர்கள். கடைக் கொம்பியூட்டரோ பாதி திறந்து, டிக் டிக்கென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது.

அவருடைய மச்சான் ஜெஸீம் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார். காக்காவின் மனைவி சுஹறா ராத்தா அப்போது இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வர முடியாது. ஜெஸீமின் போனில் கதைத்தார்.

“தம்பி, விண்டோஸ புதுசாப் போட்டிராதீங்க. கெமரா பூட்டினவர் கட்டாருக்குப் போயிட்டார். பாஸ்வேட் ஒருத்தருக்கும் தெரியா. இதுக்குள்ளால மட்டும்தான் திறக்குமாம்.”

“ஓம் ராத்தா. உள்ளத உள்ளபடி எடுத்துத் தாறன்.”

“அடிச்சது யாரெண்டு பொலிஸ் பாத்துக்கட்டும். எனக்கு ஒண்டுதான் தெரியணும். உடனே மௌத்தானாரா, இல்ல கிடந்து தண்ணி கேட்டாரா? அது தெரியாம எனக்குத் தண்ணி தொண்டைக்குள்ள இறங்குதில்ல தம்பி.”

இன்ஷா அல்லாஹ் என்றேன்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய், திரைச்சீலைக்கு இப்பால் நின்று சொன்னேன். “மாறிப் போச்சு ராத்தா. ஓதிப் பழகின கண். வலமிருந்து இடமாப் பாத்திட்டன்.”

எங்கள் ஊரில் எல்லாரும் அ, ஆவுக்கு முன்னர், வலமிருந்து இடமாக ஓடும் அரபின் அலிஃப், பே படித்தவர்கள். அதனால் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நானும் கொப்பியைப் பின்னாலிருந்து திறக்கிறவன்தான் என்றார் ஜெஸீம். வாக்குமூலத்தில் நீங்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். திரைக்கு அப்பாலிருந்து ராத்தா சொன்னார்: “நீங்க வேணுமெண்டா செஞ்சீங்க? நான் பொறுத்திட்டன்.”

இந்தத் தொழிலுக்கு வந்த பதினோரு வருடத்தில் நான் ஒருதரம்கூட வலமிருந்து இடமாகப் பார்த்ததில்லை, சேர்.

அந்த வெள்ளிக்கிழமை காரைதீவில் ஒரு பிறின்டரைத் திருத்திவிட்டு வேனில் வந்துகொண்டிருந்தேன். பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் முடியும் தறுவாயில் இருந்தது. வேகம் கொஞ்சம் கூடத்தான். ஜும்ஆ கடமையல்லவா. காக்கா சைக்கிளைத் திருப்பியதை நான் காணப் பிந்திவிட்டது. அதன் பிறகு பள்ளிக்குப் போனேன். தொழுகையின் முதல் ரக்அத்தே கிடைத்தது. வேனின் முன்பக்க நெளிவுக்கு, ஆடு குறுக்கே பாய்ந்தது என்று வீட்டில் சொன்னேன்.

ஆனால் அதற்காக நான் டிஸ்க்கை அழிக்கவில்லை. அது விபத்து. கொம்பியூட்டர் கைக்கு வந்ததும் முதலில் சரியாகவே பிரதியெடுத்தேன், தொழில் பழக்கம். பிரதியை மாட்டினேன், ஒரு குறையும் இல்லாமல் திறந்தது. கெமராப் பதிவைப் போட்டேன். அதுவரை நான் இரண்டு விஷயங்களை நம்பியிருந்தேன். காக்கா அந்த இடத்திலேயே மௌத்தாகிவிட்டார். நான் வேனை நிறுத்தவே இல்லை.

நிறுத்தியிருக்கிறேன். இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் ஆறு நிமிடம் நின்றிருக்கிறேன். அவர் தலையைத் தூக்குகிறார். வாய் அசைகிறது, கெமராவில் சத்தம் இல்லை. என் தண்ணீர்ப் போத்தல் வேனின் முன்சீட்டில் இருந்தது. அவர் கையை உயர்த்தி என்னைப் பார்த்து அசைக்கிறார். நான் பள்ளிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு வேனில் ஏறுகிறேன். அதன் பிறகும் ஒன்பது நிமிடம் அவர் அசைந்துகொண்டிருந்தார். நாங்கள் தொழுது முடித்துச் சலாம் கொடுக்கும் நேரம்தான் அது நின்றிருக்க வேண்டும்.

திரையை அணைத்துவிட்டேன். உங்களுக்குப் பயந்தல்ல. இதை ராத்தா பார்த்தால் எப்படித் தாங்குவார் என்றுதான். அதனால்தான் பிரதியைக் கழற்றி ஒளித்துவிட்டு, வேறொரு வெற்று டிஸ்க்கை இடப்பக்கத்திலும் பழைய டிஸ்க்கை வலப்பக்கத்திலும் வைத்தேன். அவருடைய நிம்மதிக்காகச் செய்தேன்.

நேற்று அவருடைய இத்தா முடிந்தது. முதலில் என் கடைக்குத்தான் வந்தார்.

“கொழும்புக்கு அனுப்பினாலும் எடுக்கேலாதா தம்பி?”

“ஏலா ராத்தா.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க? கஷ்டப்பட்டிருப்பாரா?”

“இல்ல ராத்தா. உடனே மௌத்தாகியிருப்பார்.”

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். வேனில் இருந்த அதே போத்தலைத்தான் எடுத்துக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார். அவர் போன பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அதனால்தான் பிரதியைக் கொண்டுவந்தேன். உங்கள் மேசையில் இருப்பது அதுதான்.

பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். காக்கா கையை அசைக்கும் இடம். எங்கள் பக்கத்தில் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை மடக்கினால் வா என்று அர்த்தம், உதறினால் போ. கெமராவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நாற்பது தரமாவது பார்த்திருப்பேன். அவர் ஒரு வக்துத் தொழுகையும் விடாத மனிதர், சேர். ஜும்ஆவுக்குப் பிந்தாமல் போ என்றுதான் என்னிடம் சொன்னார்.