புதுப் பதிப்பில் மாற்றியிருக்கிறார்கள்

“நீ எத்தனாவதோட நின்ன?” என்று மணியம்மை அக்கா ஒருமுறை என்னைக் கேட்டார்.

சாதாரணக் கேள்விதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூடக் கேட்பார்கள். நான் பதில் சொல்லவில்லை. கேட்டவுடன் பதில் சொல்லும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கிடையாது. இனி நான் சொல்லப்போவதற்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது.

திருத்தணியில் ஒரு நர்சிங் கல்லூரியின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குவேன், முதுகில் எண் ஒட்டுவேன், மாணவிகளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். நூலகர் வித்யாலக்ஷ்மி மேடம் கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டரோடு இருப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆஸ்பத்திரி ஊழியர்களும் வந்து படிக்கலாம் என்று விதி உண்டு. வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள்.

மணியம்மை அக்கா படிக்கத்தான் வந்தார். பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளை அவர் கைதான் முதலில் தொட்டிருக்கும் என்பார்கள். நிர்வாகம் அந்த வருஷம் புதிதாக ஒரு தேர்வு வைத்தது. டாக்டர்கள் உட்கார்ந்து வாய்க்கேள்வி கேட்பார்கள். தேறினால் வார்டு இன்சார்ஜ். தேறாவிட்டால் பிரசவ வார்டை விட்டே மாற்றி, வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுத உட்கார வைத்துவிடுவார்கள்.

அவர் தமிழில் இருந்த பேறுகாலப் பாடப் புத்தகத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பிறகு மூடி வைத்துவிட்டார். நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இங்க வாம்மா. உன் பேரு இன்னா?”

“துர்கா.”

“துர்கா, யாருகிட்டயும் சொல்லிடாத. ரெண்டு கண்ணுலயும் புரை. சர்க்கரை எறங்கினாத்தான் ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. அது எங்க எறங்குது. வார்டுல தெரிஞ்சா நாளைக்கே என்ன வெளியில நிக்க வச்சிடுவாங்க.”

“கண்ணு தெரியாம எப்படிக்கா பிரசவம் பாக்கறீங்க?”

“அத யாருடி கண்ணால பாக்கறா? கையாலதான் பாக்கறது. சீட்டுல எழுதினதத்தான் படிக்க முடியல. அதுக்குக் கூட இருக்கற பொண்ணுங்கள படிக்கச் சொல்லி சமாளிச்சிகினு இருக்கேன். நீ எனக்கு இத தெனம் கொஞ்சம் படிச்சுக் காட்டுறியா?”

ஒத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. எனக்குச் சத்தமாக வாசிக்கப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் என்னால் முடிந்ததில்லை. எழுந்து நின்றால் முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் வகுப்பே சிரித்தது, டீச்சரும் சிரித்தார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. எங்கள் வீடு அம்மையார்குப்பம். நைனா வீட்டிலேயே பவர்லூம் ஓட்டுகிறார். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து, மளிகை கட்டிவந்த பேப்பர் முதல் எது கிடைத்தாலும் சத்தமாக வாசிப்பேன். அங்கே என் நாக்கு ஒட்டவில்லை. என் குரல் எப்படி இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

என் முகம் தனக்கு ஒரு வெள்ளைப் புகைபோலத்தான் தெரிகிறது என்றார் மணியம்மை அக்கா. அது எனக்கு வசதியாக இருந்தது. ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து வாசித்தேன், நாக்கு ஒட்டவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்பார். “ஆங், மேல படி” என்பார். சில நாள் வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்து என் பக்கம் தள்ளுவார். நல்லவர் அவர். அவரைப் பற்றி நான் குறையாக எதுவும் சொல்லப்போவதில்லை.

பிறகு ஒருநாள் எனக்கு ஒரு வரி மாறிவிட்டது. பிரசவம் ஆன பெண்ணுக்கு ரத்தப்போக்கை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற இடம். அடுத்த வரியில் இருந்ததை வாசித்துவிட்டேன்.

“அரை மணிக்கு ஒருவாட்டியா?” என்று அக்கா கண்ணைத் திறந்தார். “இன்னா படிக்கற நீ? மொத ரெண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருவாட்டி பாக்கணும். அரை மணின்னு போய் அங்க சொன்னா என்ன காறித் துப்புவாங்க.”

பக்கத்து மேஜையில் கடைசி வருஷ மாணவிகள் இருந்தார்கள். தேவயானி என்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். வரி மாறிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். “வ, வ” என்றுதான் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டி, ‘நீ எத்தனாவதோட நின்ன?’ என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

மறுநாள் வாசிக்கும்போது வேண்டுமென்றே ஒரு இடத்தை மாற்றினேன். சின்ன விஷயம், குழந்தையை எப்போது துடைப்பது என்பதைப் பற்றியது.

“அப்படி இருக்காதே,” என்றார் அக்கா.

“புதுப் பதிப்புல மாத்தியிருக்காங்கக்கா.”

நாக்கு ஒட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலைக்குப் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது.

“மாத்திட்டாங்களா? சரி, மேல படி.”

அந்தச் ‘சரி’ எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. என்னிடம் அதுவரை யாரும் அப்படிச் ‘சரி’ சொன்னதில்லை.

பிறகு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் வேண்டும் என்று தோன்றியதில்லை. எதையும் நானாக இட்டுக்கட்டவும் இல்லை. அந்தப் பக்கத்தில் இருக்கும் வார்த்தைகளைத்தான் இடம் மாற்றினேன். முன்னால் இருப்பதைப் பின்னால் வைப்பேன், ‘கூடாது’ என்பதை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளுவேன். மற்றதையெல்லாம் திருத்தமாக வாசித்தேன். அக்கா முதலில் மறுப்பார். பிறகு மறுப்பது குறைந்தது. பிறகு அவரே, “இத எப்படி மாத்தியிருக்காங்க, படி பாக்கலாம்” என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒருநாள் கடலைத் தொலியை மேஜையில் குவித்துக்கொண்டே சொன்னார்: “இருவத்திரண்டு வருஷமா தப்புத்தப்பாவே செஞ்சிகினு இருந்திருக்கேன் பாரு துர்கா. எத்தினி பேர என்ன பண்ணினேனோ.”

“அப்ப அதுதானக்கா சரின்னு இருந்துச்சு,” என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

ரத்தப்போக்கு பற்றிய பாடம் வந்தது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு கருப்பை இறுகாமல் கொழகொழவென்று இருந்தால், வயிற்றின் மேல் கைவைத்து உடனே தேய்த்துவிட வேண்டும், கூடவே இன்னொருவரை விட்டு டாக்டருக்குச் சொல்ல வேண்டும், ஊசியை மட்டும் அவர் உத்தரவு வந்த பிறகு போட வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நான் வாசித்தபோது முதலில் டாக்டருக்குச் சொல்ல வேண்டும், அவர் உத்தரவு வந்த பிறகு கைவைக்க வேண்டும் என்று ஆனது.

அக்கா உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“உத்தரவு வராம கை வைக்கக் கூடாதா?”

“கூடாதுன்னு போட்டிருக்குக்கா.”

“இன்னொருவாட்டி படி.”

இன்னொரு முறை அதேபோல வாசித்தேன். அந்த மாதம்தான் வேறு வார்டில் டாக்டரைக் கேட்காமல் ஊசி போட்ட ஒரு நர்சுக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். அதனால் அவர் நம்பினார். நம்புவார் என்று எனக்குத் தெரியும்.

ஆடிக் கிருத்திகை அன்று நூலகம் திறந்திருந்தது, யாரும் வரவில்லை. ஊர் முழுக்கக் காவடி. சாயங்காலம் தேவயானி வந்தாள். பிரசவ வார்டில் அவளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. யூனிஃபார்மில் ரத்தம் காய்ந்திருந்தது. மேஜையில் தலையை வைத்து அழுதாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று என்னிடம் சொன்னாள்.

கனகம்மாசத்திரத்திலிருந்து பாஞ்சாலி என்று ஒரு பெண், இரண்டாவது பிரசவம். புருஷன் ரோட்டோரத்தில் கரும்பு ஜூஸ் போடுகிறவர். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சும் விழுந்தது. பிறகு ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா காவடிக் கூட்டத்தில் காரோடு மாட்டிக்கொண்டு, இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார். போன் போகவில்லை.

“மணியம்மை அக்கா சும்மாவே நின்னுகினு இருந்தாங்கக்கா,” என்றாள் தேவயானி. “கைய இப்படி மேல தூக்கிகினு. ‘வயித்த தேய்ச்சி விடுங்கக்கா’ன்னு நான் கத்தறேன். ‘ஆர்டர் வரட்டும், ஆர்டர் வரட்டும்’ங்கறாங்க. கடைசில கைய வச்சாங்க. அப்ப எல்லாம் போயிடுச்சு.”

அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். முகம் கழுவிக்கொண்டு போகச் சொன்னேன். பாஞ்சாலியை நான் பார்த்ததே இல்லை. அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்த வார்டுக்குள் நான் கால் வைத்ததுகூட இல்லை. டாக்டர் நேரத்துக்கு வந்திருக்கலாம். காவடி வேறு வழியாகப் போயிருக்கலாம். ஒரு சாவுக்கு எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

விசாரணை நடந்தது. ஏன் சும்மா நின்றாய் என்று கேட்டதற்கு, “புத்தகத்துல அப்படித்தான் இருக்கு” என்று அக்கா சொன்னாராம். எந்தப் புத்தகம் என்று கேட்டு டாக்டர்கள் சிரித்தார்களாம். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. தன்னால் படிக்க முடியாது என்று சொன்னால்தானே யார் படித்துக் காட்டினார்கள் என்ற பேச்சு வரும். அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரி கேட்டில் பாஞ்சாலியின் புருஷன் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்ததாகவும், வாட்ச்மேன் விலக்கிவிட்டதாகவும் சொன்னார்கள்.

வேலை போன அன்று, வெளியே போகும்போது அக்கா நூலக வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கதவைத் தடவிப் பிடித்துக்கொண்டு, நான் வேறு பக்கம் நின்றிருக்க, ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பேசினார்.

“துர்கா, உன் பேர நான் எங்கயும் சொல்லல. நீ பயப்படாத. எங்கயாச்சும் வரி மாறியிருக்கும். நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும். நான்தான் என் கைய நம்பாம போயிட்டேன்.”

“சரிக்கா,” என்றேன்.

பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் மதியம் அவர் வந்தார். மறைக்க வேண்டிய வேலையும் இல்லை, சர்க்கரையும் இறங்கியிருந்தது, கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. இளைத்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, யாரையும் கேட்காமல் அலமாரிக்குப் போய், புத்தகங்களின் முதுகில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். நான் அதை முன்பே ஒளித்து வைத்திருக்கலாம். எவ்வளவோ நேரம் இருந்தது. புத்தகம் அதன் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் தொட்டதில்லை.

அதே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து வேறு கண்ணாடி எடுத்துப் போட்டார். பக்கத்தைத் தேடிப் பிடித்தார். வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசையப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு வேறு பக்கங்களைத் திருப்பினார். குழந்தையைத் துடைப்பது, தொப்புள்கொடி, காய்ச்சல். நான் மாற்றிய ஒவ்வொரு இடமும் அவருக்கு நினைவிருந்தது. கடைசியில் முன்பக்கம் வந்தார். அதில் அச்சான வருஷம் இருந்தது, ‘முதல் பதிப்பு’ என்று இருந்தது. எங்கள் நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு வேறு பதிப்பு கிடையாது.

நான் கையில் புத்தகக் கட்டோடு நின்றேன். வரி மாறிவிட்டது என்று சொல்லத் தயாராக இருந்தேன். அதைத்தான் அவரே எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது உங்களிடம் சொல்கிறேன், வரி மாறவில்லை. ஒவ்வொரு நாளும் தெரிந்தே செய்தேன். ‘உத்தரவு’ என்ற அந்த ஒரு வார்த்தையில் ஒரு பெண் சாகக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். பக்கம் என் முன்னால்தான் இருந்தது, ‘தாமதித்தால் உயிருக்கு ஆபத்து’ என்று அடுத்த வரியிலேயே போட்டிருந்தது. அதை மட்டும் வாசிக்காமல் விட்டேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தை அவர் தெளிவாகப் பார்த்தது அன்றுதான். வெகுநேரம் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

அவர் குனிந்து செருப்பைத் தேடும்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

“பத்தாவதுக்கா,” என்றேன். “நான் பத்தாவதோட நின்னுட்டேன்.”

நாக்கு ஒட்டவே இல்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.