ஓரிதழ்த் தாமரைக்கு என்ன பிடிக்கும்?

சமையக்கட்டுல ரசம் கொதிக்கிற வாசனை இங்க வரைக்கும் வருது. அதனால வாழ்த்துரைய நீட்டல. மணமக்களுக்கு ஒரு சின்னக் கதை... சொல்லிட்டு மைக்கைக் குடுத்துர்றேன்.

புதுக்கோட்டையில நல்லசிவம்னு ஒரு இன்ஜினியர். கல்யாணமாகி, மனைவி செங்கமலத்தைப் புது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு. அந்தம்மா அதிகம் பேசாதவங்க. மனுஷனுக்கு அதுதான் கவலை. பட்டுப்புடவை வாங்கிக் குடுத்தாரு... "நல்லாருக்கு." அல்வா வாங்கிட்டு வந்தாரு... "நல்லாருக்கு." அவ்வளவுதான்! சிரிப்பு? ம்ஹூம்!

ஒருநாள் காலையில பாத்தா, வாசல் கேட்டுக்கு வெளிய, சரளை மண்ணுல குந்தி உக்காந்திருக்காங்க. முகமெல்லாம் சிரிப்பு!

"இங்க பாருங்களேன்... ஓரிதழ்த் தாமரை!"

தாமரைன்னதும் குளத்தைத் தேடாதீங்க. இது தரையோட கிடக்கிற சின்னச் செடி. மலைப்பக்கம் வயலெட் பூன்னு சொல்றாங்களே, அதுக்குச் சொந்தக்காரப் பூ. ஊதா கலந்த ரோஸ் நிறம். மத்த இதழெல்லாம் ஒளிஞ்சுக்கும், ஒரே ஒரு இதழ் மட்டும் விரல் நகம் மாதிரி விரிஞ்சு நிக்கும்.

நல்லசிவத்துக்குத் தலைகால் புரியல. உடனே என்ன செஞ்சாரு? செடியத் தோண்டி எடுத்து, அழகான பீங்கான் தொட்டியில நட்டு, ஹால்ல கொண்டாந்து வச்சாரு. வாடிப் போச்சு! இன்னொண்ணைத் தோண்டினாரு. அதுவும் போச்சு!

அந்தம்மா கேட்டாங்க: "உங்களுக்கு இந்தப் பூ மேல என்ன கோபம்?"

"கோபமா? ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துறேன் செங்கமலம்! மண்புழு உரம் போட்டேன்! ஒரு பொட்டு வெயில் படாம வச்சேன்!"

"அதெல்லாம்... அது கேட்டுச்சா?"

வெளிய மிச்சம் இருந்தது ஒரே ஒரு செடி. அது பக்கத்துல போய்க் குந்தி உக்காந்தாரு... மெதுவா, "சரி... நீயே சொல்லும்மா. இதுக்கு என்ன வேணும்?"ன்னாரு. கல்யாணத்துக்கு அப்புறம் அவரு மனைவிகிட்ட கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்!

"வெயில் வேணும். சரளை வேணும். ஆணிவேர்ச் செடி... பிடுங்கினாத் தாங்காது. விட்டுருங்க."

காய் முத்தினா பட்டுனு வெடிச்சு விதை தெறிச்சு ஓடிரும். அந்தம்மா பழைய புடவைத் துணியக் காய் மேல கட்டி விதையப் பிடிச்சாங்க. முன்னால இருந்த புல்தரையில ஒரு ஓரத்தை வெட்டி எடுத்து, சரளையக் கொட்டி, மழைக்கு முன்னாடி ரெண்டு பேருமா விதைச்சாங்க. மழை வந்துச்சு... பூவோ பூவு! களை எடுக்க உக்காந்தா அந்தம்மா பேச ஆரம்பிச்சிருவாங்க. அம்மா வீடு, படிச்ச பள்ளிக்கூடம், சண்டை போட்ட தோழி... நிறுத்த முடியல! அதிகம் பேசாதவங்களாம்!

அப்புறம் வந்துச்சு கம்பளிப்புழு. உடம்பெல்லாம் முள்ளு. இலையெல்லாம் மொட்டை! நல்லசிவம் மருந்து டப்பாவோட ஓடி வர்றாரு.

"நில்லுங்க!"

"திங்குது செங்கமலம்!"

"திங்கட்டும். அதுக்கும் பசிக்கும்ல?"

டப்பாவக் கீழ வச்சாரு. மனசே இல்ல... ஆனா வச்சாரு. தினமும் காலையில குச்சியா நிக்கிற செடியப் பாத்துட்டு வேலைக்குப் போவாரு.

ஒருநாள் வாசல்ல இருந்து ஒரே சத்தம். "என்னங்க... ஓடி வாங்க!" பனியனோட ஓடினா, காம்பவுண்டு சுவரெல்லாம் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி! கறுப்புப் புள்ளி வச்ச பட்டாம்பூச்சி! ஒண்ணு வந்து அவரு வழுக்கையில உக்காந்துச்சு. மனுஷன் மூச்சு விடல, சிலையா நிக்கிறாரு. அந்தம்மா சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரங்க வந்துட்டாங்க! அடுத்த மழையில செடியும் துளிர்த்துச்சு.

இத ஏன் சொல்றேன்? அன்பு இல்லாமயா அவரு தண்ணி ஊத்துனாரு? அன்பு நிறைய இருந்துச்சுய்யா! கேள்விதான் இல்ல. நமக்குப் பிடிச்சதையெல்லாம் அடுத்தவங்க மேல ஊத்திட்டு, ஏன் வாடுதுன்னு அழுறோம். கேட்டுட்டு ஊத்துங்க. கேட்டப்புறம், கொஞ்சம் பொறுங்க... மருந்து டப்பாவத் தூக்காதீங்க.

மாப்பிள்ளை செழியன்! பொண்ணுகிட்ட என்ன வேணும்னு கேட்டீங்களா? இல்லையா? இப்பக் கேளுங்க. ... அம்மாடி, மைக் வேண்டாம், அவரு காதுல மட்டும் சொல்லு. நாங்கெல்லாம் சாப்பிடப் போறோம்!