ஊரே கேட்டுக்கிட்டிருக்கு

—கொஞ்சம் சத்தமாப் பேசுங்க அண்ணாச்சி. நீங்க குசுகுசுன்னு பேசினா நேயர்களுக்கு எப்படிக் கேக்கும்?

—சத்தமாப் பேசினா அதுக்குக் கேட்டுரும். நான் பையத்தான் பேசுவேன். நீ காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு.

—எதுக்குக் கேட்டுரும்?

—கரடிக்கு. பொறவாசல்ல நிக்கி. கதவுக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான்.

—அடி தூள். நேயர்களே, 'கேட்டியளா சேதி' நிகழ்ச்சியில ஒங்க நஸீமாகூட இப்போ பேசுதது ஒரு கரடி வீட்டு அண்ணாச்சி. கோயிலுக்குள்ள பூந்து வெளக்குல இருந்த எண்ணெயக் குடிச்சிட்டுப் போன கரடியப் பத்திச் சொன்னேன்லா. ஒங்க ஊர் மிருகம் பண்ணுன சேட்டையப் போன் போட்டுச் சொல்லுங்கன்னும் சொன்னேன். பாத்தா கரடியே லைன்ல வந்துட்டு.

—எம்மா, நான் சேட்டை சொல்ல வரல. நான் பேசுதது இப்ப ரேடியோவுல கேக்குதா, அத மட்டும் சொல்லு.

—கேக்காமயா? ஊரே கேட்டுக்கிட்டிருக்கு அண்ணாச்சி. பேரு, ஊரு சொல்லிட்டு மேல பேசுங்க.

—பேரு ஒனக்கு எதுக்கு? பேரச் சொன்னா அடுத்தாப்ல ஆதார் கார்டக் கேப்பீங்க. அம்பாசமுத்திரத்துக்கு மேக்க, மலையடி. அம்புட்டுப் போதும். படித்துறைக்கு மேல அம்பலவாணன் டீக்கடை இருக்கு. விடிஞ்சா அங்கன ஒன் தொண்டைதான். அந்தக் கடையில கேக்கணும், அவ்வளவுதான் எனக்கு.

—அம்பலவாணன் அண்ணாச்சிக்கு வணக்கம். நஸீமாவுக்கு ஒரு டீ பார்சல்.

—வெளையாடாத பிள்ள. எம் பொஞ்சாதி துணி தொவைக்க ஆத்துக்குப் போயிருக்கா. திரும்புதப்போ அந்தக் கடை வாசல்ல நின்னு ஒன் பேச்சக் கேட்டுட்டுத்தான் வருவா. பொறவு வாழைத்தோட்டத்து வரப்பு வழியா நேரா பொறவாசலுக்கு வந்துருவா. முன்பக்கம் சுத்திவான்னா கேக்க மாட்டா, காலு வலிக்காம். அவ வந்து ஏறுத படியிலதான் அது இருக்கு. வராதன்னு சொல்லு.

—அண்ணாச்சி, நெசமாவே கரடியா, இல்ல எங்ககிட்ட கரடி விடுதீங்களா?

—சிரி. நல்லாச் சிரி. ஒனக்கென்ன, நாலு சுவத்துக்குள்ள ஏசியப் போட்டுட்டு இருக்க.

—கோவிக்காதீங்க. கரடி வந்தா வனத்துறைக்குல்லா சொல்லணும்? எங்களுக்கு எதுக்குப் போன் போட்டீங்க?

—அவங்க லெச்சணம் ஒனக்குத் தெரியாது. தோட்டத்துல பன்னி ஒண்ணு செத்துக் கெடக்குன்னு ஒருதரம் ஆள் விட்டுச் சொன்னேன். வந்தவன் பன்னியப் பாக்கல, என்னையப் பாத்தான். வேலியில கரண்டு வச்சியான்னு கேட்டான். வைக்கலன்னேன். வச்சவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான்னு சொல்லிட்டு என்னைய ஒரு பகல் முழுக்க ஆபீஸ் வாசல்ல உக்கார வச்சான். அதோட தலை முழுகிட்டேன். பொறவு, எனக்குப் படிக்கத் தெரியாது. மக இந்தப் போன்ல எல்லாரு நம்பரும் போட்டுக் குடுத்திருக்கா, எது யாருன்னு யாருக்குத் தெரியும்? அடிச்சா பச்சைய அமுக்குவேன். நானா அமுக்கத் தெரிஞ்சது ஒங்க நம்பர் ஒண்ணுதான். தெனமும் அதப் பாட்டாப் பாடிப் பாடி மண்டையில ஏத்தி விட்டிருக்கீங்களே.

—செம அண்ணாச்சி. எங்க நம்பர் பாட்டுக்கு இதவிடப் பெரிய அவார்டு கெடையாது.

—இரு. பேசாத.

—என்ன ஆச்சு?

—பேசாதன்னேன்.

—அண்ணாச்சி?

—கதவ ஒரசுது. முதுகு அரிக்கிபோல... கதவு மொத்தமும் ஆடுது. கொண்டி வேற பழசு, நாலு தடவ இடிச்சா கழண்டு வந்துரும்.

—அது என்ன பண்ண வந்துச்சு ஒங்க வீட்டுக்கு?

—பலாப்பழம். பழுத்து மணக்குதுன்னு நேத்து அவதான் பொறவாசல் படியில சாக்கப் போட்டு மூடி வச்சா. உள்ள வையின்னேன், வீடெல்லாம் வாடைன்னா. நான் சொல்லி எதக் கேட்டா அவ? இப்பம் தாயும் குட்டியுமா உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கு. குட்டி இருக்கே, அதான் எனக்குக் குலை நடுங்குது. தனியா வந்த கரடின்னா தின்னுட்டு அது பாட்டுக்குப் போயிரும். குட்டிக்காரி அப்படி இல்ல. ஹெப்ரான்னு ஒரு பயல், எங்க வேதக்கோயில்ல பாட்டுப் பாடுவான், நல்ல கொரலு. மலையடியில மாட்டத் தேடிப் போனவன் குட்டிக்கும் தாய்க்கும் ஊடால மாட்டிக்கிட்டான். பாளையங்கோட்டை ஆசுபத்திரிக்கு அவனத் தூக்கிட்டுப் போறப்போ மொகத்துல துண்டப் போட்டு மூடித்தான் கொண்டு போனாங்க. துண்டுக்குக் கீழ என்ன இருந்துன்னு பாத்தவங்க இன்னும் சொல்ல மாட்டேங்குதாங்க.

—அய்யோ. சரி, அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, காலங்காத்தால பிள்ளைங்க கேக்குத நேரம். நாம ஜாலியாப் பேசுவோம். மதினிக்கு எங்க நிகழ்ச்சின்னா ரொம்ப இஷ்டமோ?

—இஷ்டமா? வேதத்துக்கு அடுத்தாப்ல நீதான். கடையில கேட்டுட்டு வந்து எனக்கு ஒப்பிப்பா. ஆக்டோபஸ்னு ஒரு ஜந்துவாம், அதுக்கு மூணு நெஞ்சாம். அம்புட்டும் புளுகுன்னு சொன்னேன், ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல. எனக்கு இருக்கது ஒரு நெஞ்சு, அதே இப்போ வாய் வழியா வந்துரும்போல இருக்கு. போன வாரம் கரடி சைக்கிள் ஓட்டுதுன்னு சொன்னியா?

—ஆமா, சர்க்கஸ் கரடி.

—நீ சர்க்கஸ்னு சொல்லியிருப்ப. அவ கரடிய மட்டும் பிடிச்சிக்கிட்டா. பச்சப்பிள்ள மாதிரியாம், மனுசரக் கண்டா கையாட்டுமாம். நான் ஹெப்ரானச் சொன்னேன். அவன் கல்ல விட்டு எறிஞ்சிருப்பான், அதான் கடிச்சிட்டு, ரேடியோவுல பொய் சொல்லுவாங்களான்னு கேட்டா. இப்ப இதக் கண்டா அவ ஓட மாட்டா, தாயி. ஐயோ பாவம் குட்டின்னு கிட்டத்துல போயி நிப்பா. நான் சொன்னா நம்ப மாட்டா, நீ சொன்னா நம்புவா. அதுக்குத்தான் ஒனக்குப் போன் போட்டேன்.

—நீங்களே போயி ரெண்டு அதட்டு அதட்டுனா அது ஓடிராதா?

—பயமாருக்கு.

—என்ன அண்ணாச்சி?

—பயமாருக்குன்னேன். எந்தக் கொம்பன்கிட்டயும் நான் இதச் சொன்னதில்ல. அரிவாமணையக் கையில எடுத்துட்டுத் திரும்பக் கீழ வச்சிட்டேன். என்னால கதவத் தொறக்க முடியாது. நீ சொல்லு. அவ பேரு சாரம்மாள்.

—சாரம்மாள் மதினி, சாரம்மாள் மதினி, எங்கன இருந்தாலும் அங்கனயே நில்லுங்க. வீட்டுல விருந்தாளி வந்திருக்காரு, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கிட்டு...

—சிரிக்காமச் சொல்லு. நீ சிரிச்சா சேட்டைன்னு நெனச்சிருவா.

—சரி. சரி அண்ணாச்சி. சாரம்மாள் மதினி, நான் நஸீமா பேசுதேன். ஒங்க வீட்டுப் பொறவாசல்ல கரடி நிக்கி, குட்டியோட. நீங்க வீட்டுக்கு வரவேண்டாம். அம்பலவாணன் அண்ணாச்சி கடையிலயே இருங்க. கடையில இருக்கவங்க நாலஞ்சு பேரு சேந்து, தகரத்தத் தட்டிக்கிட்டு முன்பக்கமா வாங்க. போதுமா?

—போதும். தகரத்தச் சொன்ன பாரு, அது நல்லது. புத்தி இருக்கு ஒனக்கு. எம் பேரு வேதமுத்து. அதையும் சொல்லு, அப்பந்தான் கடையில நம்புவான்.

—வேதமுத்து அண்ணாச்சி வீட்டுக்கு வாங்கன்னு சொல்லியாச்சு. மூச்ச விடுங்க. ஊரே கேட்டுக்கிட்டிருக்கு.

—இப்பம்தான் கொஞ்சம் தேவல. காரையார்ல டேமத் தொறந்து விட்டாப்ல வேர்த்துக் கொட்டிட்டு. வெளிய ஒரு மாதிரி உறிஞ்சுத சத்தம், பம்புசெட்டு சேத்துல இழுக்குமே, அப்படி. நான் புளுகலன்னு தெரிய வேண்டாமா ஒனக்கு? கதவுகிட்டப் போன வைக்கேன், கேளு.

—கேக்குது.

—கேட்டுட்டா?

—கேட்டுட்டு... அது என்ன உறுமுது?

—தாய் குட்டிய அதட்டுது. ஏன், பேச்சக் காணும்? இம்புட்டு நேரம் கிளி மாதிரிப் பேசுன.

—அண்ணாச்சி, சைடுல ஒரு நிமிசம்... எஸ்றா அண்ணே, இங்க வாங்க. சீக்கிரம் வாங்க. இது வெளையாட்டு இல்ல.

—யாருகிட்டப் பேசுத? இரு, முன்பக்கத்து ஜன்னல்கிட்ட வந்திருக்கேன். காத்து ஆத்துப் பக்கம் இருந்து அடிக்கி. டீக்கடைச் சத்தம் இங்கன நல்லாக் கேக்கும்.

—அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லணும்.

—பாட்டுல்லா ஓடுது.

—அதத்தான் சொல்ல வாரேன்.

—நான் இங்கன பேசிக்கிட்டிருக்கேன், அங்கன பாட்டு ஓடுது. எம் பேச்சு எங்க? நீ சாரம்மாளக் கூப்பிட்டியே, அது எங்க?

—அது வரல அண்ணாச்சி.

—வரலன்னா?

—காலையில ஓடுதது எல்லாம் மொத நாளே எடுத்து வச்சது. இப்ப ஓடுதது நேத்து எடுத்தது. நாம இப்பப் பேசுதத வெட்டி, நல்லதாப் பாத்து ஒட்டி, நாளைக்குத்தான் போடுவோம். நேயர்கள்கிட்ட அப்படிச் சொல்லக் கூடாது, அதனால ஊரே கேட்டுக்கிட்டிருக்குன்னு... எல்லார்கிட்டயும் சொல்லுதது, ஒங்ககிட்டயும் வாயில வந்துட்டு. என்னைய மன்னிச்சிருங்க.

—ஒருத்தரும் கேக்கலியா?

—நான் மட்டுந்தான் கேட்டேன். எங்க ஸ்டேஷன் எஸ்றா அண்ணன் பாட்ட நிறுத்தி நேரா பேச ஏற்பாடு பண்ண ஓடியிருக்காரு. வனத்துறைக்கு இன்னொரு போன்ல சொல்லுதாங்க. ரெண்டே நிமிசம் அண்ணாச்சி.

—வேண்டாம்.

—ஏன் வேண்டாங்குதீங்க?

—பொறவாசல் கதவு இடுக்கு வழியாப் பாக்கேன். அன்னா வாரா. வாழைக்கு ஊடால பச்சைச் சேலை தெரியுது. இடுப்புல துணி வாளி.

—கத்துங்க. இங்க வராதன்னு கத்துங்க.

—நான் கத்தினா எனக்கு என்னமோ ஆயிட்டுன்னு ஓடில்லா வருவா. அவளத் தெரியாதா எனக்கு? எம்புட்டு ஏசினாலும் நான் இருமினா எந்திரிச்சி வந்துருவா... சவம், தாய்க்கரடி தின்னுதத விட்டுட்டு. மூக்கத் தூக்கி அவ பக்கந்தான் பாக்குது. குட்டி போயி வரப்புல உக்காந்திருக்கு, அவளுக்கு நேரா.

—யா அல்லா.

—இந்தக் கொண்டிய எடுத்தா அது இங்கிட்டுத் திரும்பும்.

—தொறக்காதீங்க. வாப்பா, ஒங்க கால்ல விழுதேன், கதவத் தொறக்காதீங்க, ஆளுங்க வந்துருவாங்க.

—நாளைக்கு இத ரேடியோவுல போட்டுராத, தாயி. அவ கடையில நின்னு கேப்பா.