வாசல் வரை வந்த வண்டி

உட்காருங்கள் ஐயா. கதவை மட்டும் சாத்திவிடுங்கள். திறந்து கிடந்தால் எனக்குப் பேச்சு வராது.

நான் வாசலைத் தாண்டிப் பல வருடமாகிறது. தெருவில் கால் வைத்தால் நெஞ்சை அடைக்கும், கண் இருட்டும். எல்லாம் நடிப்பு என்று சொல்லாத உறவு கிடையாது. தம்பி ஒருவன்தான் வாய் திறக்காமல் வெளிவேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டான். பிறகு தொற்றுநோய் வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. என்னைக் கேலி பேசியவர்களெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

வேலையும் கிடைத்தது. பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவுகள் என் கணினிக்கு வரும்; நான் வீட்டிலிருந்தே ஒவ்வொருவரையும் போனில் அழைத்துச் சொல்ல வேண்டும். நிதானமான குரல் என்று மேலதிகாரியே என்னைப் பாராட்டியிருக்கிறார்.

கட்டுப்பாடு தளர்ந்ததும் தம்பிக்கு வெளியூரில் வேலை அமைந்தது. பயணத்துக்குப் பரிசோதனை கட்டாயம். முடிவு என்னிடம்தான் வந்தது. நோய் இல்லை. அவன் வீட்டுக் கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். நான் உள்ளறையிலிருந்து அவனை போனில் அழைத்து, எல்லோரிடமும் சொல்வதுபோலவே, "உங்களுக்குத் தொற்று உறுதியாகியிருக்கிறது" என்றேன்.

"அக்கா, விளையாடாத" என்று சிரித்தான்.

"நான் எப்ப விளையாடியிருக்கேன்?"

சிரிப்பு நின்றுவிட்டது.

நோய் வந்தவர்கள் வீட்டிலேயே அறைக்குள் இருக்கலாம் என்று அப்போது விதி இருந்தது. அவனும் இருப்பான், வேலை கைநழுவிப் போகும், பழையபடி இருப்போம் என்று நினைத்தேன். அவனோ உடனே ஆஸ்பத்திரி வண்டியை வரவழைத்துவிட்டான்.

"உனக்கு ஒட்டிக்கிட்டா நீ எங்கக்கா போவ? ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்க மாட்டியே. நான் போயிடறேன். நீ கதவைத் திறக்காத."

நான் திறக்கவில்லை. என் வார்த்தையை நம்பித்தான் அவனைச் சேர்த்தார்கள். மறுபடி சோதிக்க அங்கே யாருக்கு நேரம்? நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடந்த அந்த வார்டில்தான் அவனுக்கு நிஜமாகவே தொற்றியது. தினமும் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பான். இருமல் வந்த பிறகும் அதையேதான் கேட்டான். அப்புறம் ஒருநாள் அவன் பேசவில்லை. யாரோ ஒருத்தி அழைத்துச் சொன்னாள். நிதானமாக, நன்றாகவே சொன்னாள்.

வெளியே போக முடியாதவள் என்று கோர்ட்டில் எனக்காகப் பரிந்து பேச ஒரு மருத்துவர் வருகிறாராம். வேண்டாம் ஐயா. உண்மையைச் சொல்ல வாசலைத் தாண்ட வேண்டியதில்லை, போன் என் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள். வந்திருப்பான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயுமிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை.

தம்பியைக் கொன்றாள் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த வீட்டுக்குள் இருந்தவரை அவனுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.